எங்கள் வீட்டு அண்டாவில் சோணைமுத்து

நான் சொல்வதில் முக்கால்வாசி புளுகு என்று மாவலியேந்தலில் அடைகாக்கிற கோழிக்குக்கூடத் தெரியும், அதை நான் மறுக்கப்போவதில்லை, சந்தையிலிருந்து வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டதென்றும் ஒரு பூசணிக்காயைக் குடைந்து உள்ளே உட்கார்ந்து ஒதுங்கினேனென்றும் சொல்லி மூன்று பேரை நம்பவைத்தவன் நான். ஆனால் எங்கள் ஊர்த் தண்ணீருக்குள் ஊருணி திரும்பி வந்த சங்கதியை மட்டும் நான் கட்டவில்லை, கட்டியிருந்தால் இதைவிட எனக்குச் சாதகமாகக் கட்டியிருப்பேன்.

அது பங்குனி மாதம், ஒரு வியாழக்கிழமை. டீக்கடை சிக்கந்தர் பாய் விடிந்ததும் விடியாததுமாகக் கிளாஸ் கழுவ வாளியில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுக் குனிந்தால், வாளிக்குள் அவருடைய தாடியைக் காணோம், தலைக்கு மேலே எரிந்த டியூப்லைட்டையும் காணோம். ஒரு வேப்பமரமும், நாலு படிக்கட்டும், கண்டாங்கிச் சேலை கட்டிய ஒரு அம்மாள் இடுப்புக் குடத்தோடு இறங்கி வருவதும் தெரிந்தது. பஞ்சாயத்துத் தலைவரைப் பெற்ற அம்மாள், செத்து இருபத்தோரு வருஷம் ஆகிறது. அவள் கடைசிப் படியில் நின்று குடத்தைச் சாய்த்தாள், குடம் பட்ட இடத்தில் வாளித் தண்ணீர் வட்டம் வட்டமாகக் கலைந்தது, பாய் வாளியைத் தொடக்கூட இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல், பெரிய மனுஷி காலையில் வந்திருக்கிறாள், சும்மா அனுப்பக்கூடாது என்று, "ஆத்தா, சீனி கம்மியா ஒரு டீ போடவா?" என்று கேட்டாராம். அவள் காதில் விழவில்லை. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஏழு மணிக்குள் ஊரில் எழுபத்திரண்டு வீட்டிலும் அதே கதை. அண்டாவில், செம்பில், நாய்க்கு ஊற்றிவைத்த தேங்காய்ச் சிரட்டையில், எங்கே தண்ணீர் நின்றாலும் அதில் பார்க்கிறவர் முகம் தெரியவில்லை, மூன்று வருஷத்துக்கு முன்னால் நாங்கள் மூடிப்போட்ட ஊருணி ஒரு காலத்தில் அண்ணாந்து பார்த்த வானமும் கரையும் ஆட்களும் தெரிந்தார்கள்.

இங்கே ஊருணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் பக்கம் பூமிக்குக் கீழே எங்கே தோண்டினாலும் உப்பு. மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் குடித்தால்தான் உண்டு, அதற்குத்தான் ஊருணி. அதில் குளிக்கக்கூடாது, துவைக்கக்கூடாது, ஒருத்தர் கால் படக்கூடாது. கடைசிப் படியில் நின்று குடத்தை மட்டும் சாய்த்து மொண்டுகொண்டு போகவேண்டும். குடம் கை நழுவி மிதந்து போனால் இழுத்துக்கொள்ள வேப்பமரத்தில் ஒரு நீளத் தொரட்டி சாத்தியிருக்கும். இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஊர் ஒரு காவல்காரரை வைத்திருந்தது. எந்த வீட்டு ஆளின் கால் தண்ணீரில் பட்டதோ அந்த வீட்டுக்கு ஒரு வருஷம் ஊருணியில் தண்ணீர் கிடையாது, இரண்டு மைல் நடந்து போய் உப்புக் கிணற்றில்தான் இறைத்துக் குடிக்கவேண்டும். பணக்காரன், ஏழை, அம்பலகாரர் வீடு என்ற பேச்சே இல்லை.

அப்படி இருந்த ஊருணி, காவல்காரர் ஊரை விட்டுப் போன பிறகு ஒரே மழைக்காலத்தில் அநாதையானது. வீட்டுக்கு ஒரு நாள் முறை வைத்துக் காவல் காத்தோம், முறை வந்த அன்றைக்குத்தான் ஒவ்வொருத்தனுக்கும் வயிற்றுவலி வரும். பிறகு எருமை இறங்கியது, எருமைக்குப் பிறகு டிராக்டர் இறங்கியது, கரையில் சீமைக்கருவேலம் மண்டியது, கல்யாண எச்சில் இலை வந்தது, ஆழ்குழாய் வந்தது, ஆற்றுத் தண்ணீர்க் குழாய் வந்தது, வேனில் கேன் வந்தது, கடைசியில் நாற்றம் தாங்கவில்லை, மூடிவிட்டு பஸ் திரும்ப இடமும் சமுதாயக்கூடமும் கட்டலாம் என்று ஊர் கூடிப் பேசியது. குடிதண்ணீரை மூடிய பாவத்தை ஒரு தலை சுமக்கக்கூடாது என்று வீட்டுக்கு ஒரு கூடை மண் போட்டோம். எழுபத்திரண்டாகப் பிரித்தால் ஆளுக்குச் சிட்டிகைதானே வரும் என்று ஒரு கணக்கு. நானும் போட்டேன், குவித்தே போட்டேன். மிச்சத்தை லாரி போட்டது.

மூன்று வருஷம் கழித்து, ஒரு வியாழக்கிழமை, அது திரும்பி வந்தது. ஏன் வந்தது என்று யாரும் ரொம்ப யோசிக்கவில்லை, கரண்டு போனால் வருவதில்லையா, அந்த மாதிரி. சுகாதாரத் துறை ஆட்கள் வந்து பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள், ஊர் எல்லைக் கல்லைத் தாண்டியதும் பாட்டிலில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. டிவிக்காரர்கள் வந்தார்கள், கேமராவில் வாளியும் வாளிக்குள் கேமராக்காரரின் மூக்கும் மட்டும் விழுந்தது. அதோடு எங்களை விட்டுவிட்டார்கள்.

ஊர் பத்தே நாளில் அதன் நெளிவு சுளிவைப் பிடித்துவிட்டது. ஒரு வீட்டுக்கு ஒரு நாள். அந்த வீட்டில் எந்தப் பாத்திரத்தில் ஊற்றினாலும் ஊருணியின் அந்த ஒரே நாள்தான் தெரியும், வெளியே காலை என்றால் உள்ளேயும் காலை, வெளியே இருட்டினால் உள்ளேயும் இருட்டும், மறுநாள் விடிந்தால் அதே நாள் மறுபடி முதலிலிருந்து. சத்தம் இல்லை. எல்லாம் கீழேயிருந்து பார்த்ததாகவே இருக்கும், அதனால் எங்கள் ஊர் முன்னோர்களின் மூக்குத் துவாரங்களை நாங்கள் அறிந்த அளவுக்கு வேறு எந்த ஊராரும் அறிந்திருக்க மாட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு குடிக்கப் பழகினோம். வாய் கொப்பளித்தால் தலையைத் திருப்பித் துப்பினோம், யார் மேலே விழுமோ என்று. பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் கையில் டம்ளரைக் கொடுக்கும்போது, "உள்ள ஒண்ணும் பாக்காதீக, சும்மா குடிங்க" என்று சொல்லிக் கொடுத்தோம்.

அதற்குப் பிறகு போக்குவரத்து ஆரம்பித்தது. "ஏத்தா, ஒங்க அம்மா எங்க வீட்டுக் குத்துப்போணியில தண்ணி எடுக்குது, காலையில எட்டரை மணிக்கு வா, நேரத்தோட வா, சட்டுனு போயிரும்" என்று ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு ஆள் விட்டார்கள். இருபது வருஷம் பேசாத பங்காளிகள் அடுத்தவன் அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அப்பனைப் பார்த்து மூக்கைச் சிந்தினார்கள். பஞ்சாயத்து போர்டில் சாக்கட்டியால், எந்த வீட்டில் யார் தெரிகிறார்கள் என்று எழுதிவைத்தார்கள். சண்டையும் வந்தது: படிக்கட்டு எங்கள் தாத்தா கட்டியது என்று மூன்று தலைமுறையாக மீசையை முறுக்கியவர்களின் தாத்தா, கல் சுமக்கிற நேரத்தில் வேப்பமரத்தடியில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது தபால்காரர் வீட்டுக் குடத்தில் தெரிந்தது.

தலைவர் வீட்டுக்குத்தான் ஊருணியை மூடிய அந்தக் கடைசி நாள் போய்ச் சேர்ந்தது. ஊருணியின் வயிற்றிலிருந்து பார்த்த நாள். "நான் மூட வேணாம்னுதான் சொன்னேன்" என்று சத்தியம் பண்ணிக்கொண்டிருந்த அத்தனை பேரும் வரிசையாக வந்து, குனிந்து, கூடையைக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள், ஒரு முகம் பாக்கியில்லாமல். பதினொரு மணிக்கு அந்த வீட்டுத் தண்ணீர் மங்கும், மத்தியானத்தில் கறுத்துப்போகும். அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார்கள்.

இதுவரைக்கும் நான் சொன்னதை மாவலியேந்தலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்கள் வீட்டு அண்டாவில் என்ன தெரிந்தது என்பதை எனக்கும் என் வீட்டுக்காரி ராக்கம்மாவுக்கும் தவிர வேறு யாருக்கும் நான் தெரியவிடவில்லை.

எங்கள் அண்டாவில் தெரிந்தது, முப்பத்தெட்டு வருஷத்துக்கு முந்திய ஒரு ஆவணி மாதத்துக் காலை. எதிர்க்கரையில் வேப்பங்குச்சியை மென்றுகொண்டு காவல்காரன் சோணைமுத்து நிற்கிறான், தோளில் காவல் துண்டு, எனக்கு மச்சான் முறை, சின்ன வயதில் ஒரே தட்டில் சாப்பிட்டவன். இந்தக் கரையில் நான் குடத்தோடு இறங்குகிறேன், வீட்டில் ராக்கம்மா பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறாள், அவளுக்கு வெந்நீர் வைக்கத் தண்ணீர் எடுக்க வந்திருக்கிறேன். மாட்டுத் தொழுவத்திலிருந்து நேராக வந்த கால். குடம் கை நழுவுகிறது, மிதந்து போகிறது. தொரட்டி இருபது எட்டுத் தள்ளி வேப்பமரத்தில் சாத்தியிருக்கிறது. நான் தொரட்டியைப் பார்க்கிறேன், இடது பக்கம் பார்க்கிறேன், வலது பக்கம் பார்க்கிறேன், வேட்டியைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் காலை வைக்கிறேன். இருபது எட்டு நடக்கச் சோம்பல், வேறொன்றுமில்லை.

குடத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் அவன் என்னைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

அவன் ஊரில் சொல்லவேண்டும், அதுதான் காவல். சொல்லியிருந்தால் எங்கள் வீட்டுக்கு ஒரு வருஷம் தண்ணீர் கிடையாது. மூன்று நாள் போயிற்று, அவன் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்வானோ நாளைக்குச் சொல்வானோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலாவது நாள் டீக்கடையில், அப்போது சிக்கந்தர் பாயின் வாப்பா நடத்திய கடை, எவனோ தண்ணீரில் சாணி வாடை அடிக்கிறது என்றான். உடனே என் வாய், என் பாழாய்ப்போன வாய், தானாகவே திறந்துகொண்டது. "அடிக்காம என்ன செய்யும்? காவக்காரனே நாலு படி எறங்கி நின்னு, பாட்டுப் படிச்சுக்கிட்டே காலத் தேச்சுத் தேச்சுக் கழுவுறான். ஒரு கெளுத்தி மீனு வந்து அவன் கட்டைவெரலக் கடிச்சு, 'எட்டப் போடா'ங்குது. இந்த ரெண்டு கண்ணால பாத்தேன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கெளுத்தி மீனைத் தள்ளிவிட்டு மற்றதை வைத்துக்கொண்டார்கள் என்பது, சிரிப்பு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

அன்றைக்கே மந்தைப் பொட்டலில் ஊர் கூடியது. சோணைமுத்துவை நடுவில் நிறுத்தி, "தண்ணியில கால் பட்டுச்சா, படலையா? ஒத்த வார்த்தையில சொல்லு" என்று கேட்டார்கள். அவனுக்குப் பொய் வராது, அவனிடம் இருந்த குறையே அதுதான். "பட்டது உண்மை. அது யாரு காலுன்னு மட்டும் கேக்காதீக" என்றான். ஊருக்கு அது போதும். துண்டையும் தொரட்டியையும் வாங்கிக்கொண்டார்கள். அவன் என் பக்கம் திரும்பவில்லை, திரும்பியிருந்தால் ஒருவேளை நான் வாயைத் திறந்திருப்பேன் என்று முப்பத்தெட்டு வருஷமாகச் சொல்லிக்கொள்கிறேன், அதுவும் என் புளுகுகளில் ஒன்றாக இருக்கலாம். அந்த வாரமே பெண்டாட்டியையும் மகனையும் ஏழு வயது மகளையும் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போனவன், மாவலியேந்தல் மண்ணை மறுபடி மிதிக்கவில்லை. அந்த மகள் அழகுநாச்சியை இதே ஊரில் அத்தை மகனுக்குக் கட்டிக்கொடுத்தபோதுகூட, கல்யாணத்தை அங்கேயே முடித்து பஸ் ஏற்றிவிட்டான். "என் காலு தண்ணியில படாத காலுன்னு ஊரு சொல்ற வரைக்கும் அங்க வைக்க மாட்டேன்" என்பானாம்.

ஊர்த் தண்ணீரில் ஊருணி வந்த மூன்றாம் நாள், அழகுநாச்சி ஒரு பலகையை இடுக்கிக்கொண்டு முதல் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தாள்.

எல்லா வீட்டையும் பார்ப்பது என்று அவள் முடிவு. ஒரு வீட்டுக்கு ஒரு நாள், விடிந்ததிலிருந்து இருட்டும்வரை கண்ணை எடுக்காமல். எழுபத்திரண்டில் ஏதோ ஒன்றில் அந்த நாள் இருக்கவேண்டும், உண்மையில் கால் வைத்தவன் யார் என்று தெரியவேண்டும். திருப்பூரில் சோணைமுத்துவுக்கு நுரையீரல் சரியில்லை, மகன் வீட்டில் கட்டிலோடு கிடந்தான், "சீக்கிரம் பாரும்மா, இந்தத் தடவை மழைக்கு முன்னாடி நான் ஊருக்கு வரணும்" என்று தினமும் போனில் கேட்பானாம். ஊரார் அவளுக்குப் பலகாரம் கொடுத்தார்கள், விசிறி கொடுத்தார்கள். சிக்கந்தர் பாய் அவள் எந்த வீட்டில் இருக்கிறாளோ அங்கே பத்து மணிக்கு டீ கொடுத்துவிடுவார்.

ஏழாவது நாள் எங்கள் வாசலுக்கு வந்தாள்.

"மாமா, ஒங்க வீட்டுத் தண்ணியில என்ன தெரியுது? நாளைக்கு நான் இங்க உக்காரட்டுமா?"

"இங்கயா? இங்க என்னத்தா இருக்கு, ஒரு மழை நாளு. காலையில புடிச்ச மழை ராத்திரி வரைக்கும் விடல. ஒரு மனுசன் வரல, ஒரு தவளை மட்டும் வந்து என்னய மொறைச்சுப் பாத்துட்டுப் போகுது. எனக்கு எங்க சின்னம்மா ஞாபகம் வந்திருச்சு, அப்படி ஒரு முழி."

அவள் சிரித்துவிட்டாள். நான்தான் சிரிக்கவைத்தேன். "நீ வாத்தியார் வீட்டுல போய்ப் பாரு, அங்க ஒங்கப்பன் துண்டு மாதிரி ஒண்ணு தெரிஞ்சுச்சு" என்று அனுப்பினேன். வாத்தியார் வீட்டில் அவள் அப்பன் பிறப்பதற்கு முந்திய காலத்து நாள் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

ராக்கம்மா அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அண்டாவை முதல் நாள் பார்த்ததிலிருந்து அவள் எங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடிப்பதில்லை, பக்கத்து வீட்டில் ஒரு செம்பு வாங்கிக்கொள்வாள்.

"யோவ், அந்தப் புள்ளைட்ட சொல்லிரு."

"நாளைக்குச் சொல்றேன்."

"நாளைக்கா?"

"பாதி வீட்டப் பாத்து முடிக்கட்டும், அப்பறம் நானே கூப்புட்டுச் சொல்றேன். இப்பவே சொன்னா, பேரன் பேத்தி எடுத்த வயசுல நான் மந்தையில நிக்கணும்."

"அந்த மனுசன் முப்பது வயசுல நின்னான்ல?" என்றாள். "நீ பொய்யச் சொல்லிப் பொழச்ச. நானும் எம்புள்ளையும் அந்தாளு சொல்லாம விட்டதுல பொழச்சோம். பச்ச ஒடம்போட என்னய ரெண்டு மைலு உப்புத்தண்ணிக்கு நடக்கவிடக் கூடாதுன்னு வாய மூடிக்கிட்டான்யா. ஒனக்கு அது புரியவே இல்ல."

புரிந்தது. அன்றைக்கே புரிந்ததுதான். புரியாதவன் மாதிரி இருப்பதில் ஒரு சௌகரியம் இருந்தது.

ஆகவே நான் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன், சித்திரை போனது, வைகாசி போனது, அழகுநாச்சி வீடு வீடாகப் பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள், அவள் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போனது, அவள் பார்த்த ஒவ்வொரு நாளிலும் யார் யாரோ வந்து குனிந்து குடம் சாய்த்துவிட்டுப் போனார்கள், அவள் அப்பனும் சில நாளில் கரையில் நின்றான், துண்டால் முகத்தைத் துடைத்தான், குழந்தைகளை விரட்டினான், ஆனால் அந்த நாள் மட்டும் வரவில்லை, காலையில் நான் அண்டாவை மூடிவைப்பேன், மூடிமேல் ஆட்டுக்கல்லைத் தூக்கி வைப்பேன், தண்ணீர் கல்லுக்குக் கீழே தன் பாட்டுக்கு விடிந்துகொண்டிருக்கும். ஒரு தடவை அவளைக் கோயில் பூசாரி வீட்டுக்கு அனுப்பினேன், ஒரு தடவை ரேஷன் கடைக்காரர் வீட்டில் இரண்டாம் தரம் பார்க்கச் சொன்னேன். ஒவ்வொரு பொய்யும் அவளுக்கு ஒரு நாள். சோணைமுத்துவுக்கும் ஒரு நாள்.

அவள் அறுபத்தோராவது வீட்டில் உட்கார்ந்திருந்தபோது திருப்பூரிலிருந்து போன் வந்தது. அவள் பலகையை அங்கேயே போட்டுவிட்டு ஓடியதை நான் டீக்கடையிலிருந்து பார்த்தேன். பாய் ரேடியோவை நிறுத்தினார். "வரணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரேப்பா" என்றார் யாரையும் பார்க்காமல்.

ஊரிலிருந்து ஒரு வேன் பிடித்துச் சாவுக்குப் போனார்கள். நான் போகவில்லை, முழங்கால் வலி என்றேன்.

கருமாதி முடிந்து பதினெட்டாம் நாள் அழகுநாச்சி திரும்பி வந்தாள். அன்றைக்குக் காலையில் எனக்குத் தைரியம் வந்தது. மெச்சிக்கொள்ளவேண்டாம், செத்தவன் முகத்தைப் பார்த்துப் பேசவேண்டியதில்லை என்கிற தைரியம்தான் அது. விடிகிற நேரத்தில் அவள் வாசலில் போய் நின்றேன். எண்ணெய் வைக்காத தலையோடு வந்தாள்.

"அழகு, எங்க வீட்டுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போத்தா."

"ஒங்க வீட்டுல மழை நாளுதானே மாமா?"

"இல்ல" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். என்கூட வந்தாள்.

ராக்கம்மா ஆட்டுக்கல்லை இறக்கி மூடியை எடுத்துவைத்திருந்தாள். வேப்பமரத்தில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சோணைமுத்து எதிர்க்கரையில் குச்சியை மென்றுகொண்டிருந்தான், மயிர் நரைக்காதவன், நெஞ்சு அகலமானவன், திருப்பூர்க் கட்டிலில் அவள் பார்த்துவிட்டு வந்த ஆள் இல்லை. அழகுநாச்சியின் கை அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. பிறகு நான் இறங்கி வந்தேன். குடம் நழுவியது. நான் தொரட்டியைப் பார்த்தேன், இடது பக்கம், வலது பக்கம், வேட்டியைத் தூக்கினேன், சாணி அப்பிய என் உள்ளங்கால் அண்டா முழுக்க வந்து அடைத்தது, தண்ணீர் கலங்கியது, தெளிந்தபோது சோணைமுத்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். சத்தம் போட வாயைத் திறந்தான். அதற்குள் அவன் பார்வை எனக்குப் பின்னால் மேட்டுப் பக்கம் போனது, அங்கே ஒரு கொடியில் துணித்துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. வாயை மூடினான். முகத்தை வேப்பமரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அத்தை, அங்க என்ன காயுது?" என்று கேட்டாள் அழகுநாச்சி.

"எம் பெரியவனோட தொட்டித்துணி" என்றாள் ராக்கம்மா. "அன்னிக்கு அவன் பொறந்து பதினோராவது நாளு."

அழகுநாச்சி என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"எத்தனை நாளாத் தெரியும் மாமா?"

ஒரு நூறு பதில் என் வாயில் வந்து நின்றது, ஒவ்வொன்றும் அச்சு அசலாக உண்மை மாதிரியே இருந்தது. நேற்றுத்தான் மழை நின்று இது வந்தது என்று சொல்லியிருக்கலாம், எங்கள் ஊரில் யாரும் தப்பென்று சொல்ல முடியாது.

"மொத நாள்லேருந்து" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "அறுபத்தோரு வீடு" என்றாள். எழுந்து போய்விட்டாள்.

நான் நேராக டீக்கடைக்குப் போய், முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் எங்கே உட்கார்ந்து சொன்னேனோ அதே பெஞ்சில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னேன். "பெரிசு, இதுல பூசணிக்கா எப்ப வரும்?" என்றான் ஒருத்தன். எல்லாரும் சிரித்தார்கள். சிக்கந்தர் பாய் மட்டும் சிரிக்கவில்லை, டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். மறுநாள் காலை அவர்தான் எல்லாரையும் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தார். அடுப்படி கொள்ளாமல் கூடத்திலும் வாசலிலும் நின்றார்கள், பத்துப் பத்துப் பேராகத் தண்ணீரைச் செம்பிலும் தாம்பாளத்திலும் ஊற்றிக் கொடுத்தாள் ராக்கம்மா. பார்த்தார்கள். தாம்பாளத்தை வாங்கி அடுத்தவர் கையில் கொடுத்தார்கள்.

அன்றைக்கு மந்தையில் ஊர் கூடியது. நான் நடுவில் நின்றேன். தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஊர் வழக்கப்படி, கருப்பணன் வீட்டுக்கு இன்னியிலேருந்து ஒரு வருஷம் ஊருணியில தண்ணி…" என்று ஆரம்பித்தவர், பாதியில் நின்றுவிட்டார்.

எல்லாரும் சமுதாயக்கூடத்தைப் பார்த்தார்கள். அதன் முன்னால் ஒரு பஸ் திரும்பிக்கொண்டிருந்தது.

"கொழாயை வேணா அடைச்சிரலாமா?" என்றது ஒரு குரல்.

"அது கவர்மெண்டு கொழா. கைவச்சா கேஸு."

"கேன்காரன்ட்ட சொல்லி வைப்போம்?"

"அவன் யாரு, நம்மூரா? நம்ம சொன்னாக் கேப்பானா?"

"ஏதாவது ஒண்ணு போடுங்கப்பா" என்றேன் நான். "எதையாச்சும் போடுங்க."

போடுவதற்கு அவர்களிடம் ஒன்றும் இல்லை. சோணைமுத்துவைத் தள்ளிவைக்க அன்றைக்கு அவர்களிடம் ஒரு ஊருணி இருந்தது. என்னைத் தள்ளிவைக்க ஒரு சொட்டு இல்லை. அதை நாங்கள்தான், வீட்டுக்கு ஒரு கூடையாக, ஆளுக்கு ஒரு சிட்டிகைப் பாவத்துக்கு ஒத்துக்கொண்டு மூடியிருந்தோம். ஒவ்வொருத்தராக எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். போகும்போது என்னைத் திட்டிவிட்டாவது போவார்கள் என்று பார்த்தேன், அதையும் செய்யவில்லை. "வெயிலா இருக்கு, வீட்டுக்குப் போங்க பெரியவரே" என்றார் தலைவர். அதற்குப் பிறகு எனக்கு வேறு எதையும் கட்டிச் சொல்ல நாக்கு வரவில்லை, டீக்கடையில் யாரும் கேட்கவும் இல்லை.

அழகுநாச்சி மறுநாள் காலையில் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். இப்போது ஆடி பிறந்துவிட்டது, ஒரு நாள் தவறாமல் வருகிறாள். வெயில் வேப்பமரத்தில் ஏறுவதற்கு முன்னால் வந்து அண்டாவின் மூடியை எடுத்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறாள். சோணைமுத்து கரையில் வந்து நிற்கிறான், கொட்டாவி விடுகிறான், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்கிறான், வேப்பங்குச்சியை ஒடிக்கிறான், எதற்கோ தனக்குத்தானே சிரித்துக்கொள்கிறான், ஊருணி அவனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறது, அவன் மகளும் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அந்தக் கால் மணி நேரம் எங்கள் வீட்டில் யாரும் ஒரு பாத்திரத்தைக்கூட நகர்த்துவதில்லை.

பிறகு படியின் மேலே என் நிழல் விழும். குடத்தோடு நான் இறங்கத் தொடங்குவேன். கை நழுவுவதற்கு முன்னால், அவன் என் பக்கம் திரும்புவதற்கு முன்னால், எதையும் பார்க்கவேண்டியிராமல், எதையும் மறைக்கவேண்டியிராமல் அவன் குச்சியை மென்றுகொண்டிருக்கும்போதே, அழகுநாச்சி மூடியை எடுத்துச் சத்தம் வராமல் மூடிவிடுகிறாள்.

எழுந்து சேலையைச் சரிசெய்துகொள்கிறாள். நான் கதவோரம் ஒதுங்கி நிற்கிறேன்.

"வர்றேன் அத்தை" என்று ராக்கம்மாவிடம் சொல்லிவிட்டு, என்னைத் தாண்டிக்கொண்டு போகிறாள்.